வன்னி வீட்டுக்கு ஒரு சிக்கனமான கிராபிக்ஸ் காட்: ரிவியில் படம் பார்க்க, அளவாகக் கேம் விளையாட எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கத்து வீடுகளில் ரிவியோடு இணைத்திருக்கும் கணினிகளில் நிறைய, கந்தோர்களில் பாவித்துக் கழித்து விற்ற டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைப் பெட்டிகள்தான். விலைக்கு நல்ல சாமான்கள். 4கே ரிவி ஒன்று வீட்டுக்கு வந்ததும்தான் பிரச்சினை தொடங்கும். படம் இடறும், சத்தம் ஒரு பக்கமும் வாயசைவு ஒரு பக்கமுமாக ஓடும், பெட்டிக்குள் விசிறி கத்தும். "ஒரு காட் போட்டால் சரி" என்று யாரோ சொல்ல, கடையில் 4 ஜிபி ஜிடி 730 ஒன்றை வாங்கி வந்து பூட்டுவார்கள். படம் முந்தி இடறியது போலவே இடறும்.

காரணம் லேசானது. காட்டின் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஜிபி கணக்கு இந்த வேலைக்கு அனேகமாக ஒன்றுமே சொல்லாது. பார்க்க வேண்டியவை மூன்று: அந்தக் காட் எந்தெந்த வகை வீடியோவைத் தானே விரிக்கும் (டிகோட் செய்யும்), எத்தனை வாட் இழுக்கும், உங்கள் பெட்டிக்குள் அடங்குமா.

முதலில்: காட் உண்மையில் தேவையா?

படம் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால், காசைச் செலவழிக்க முன் புரொசசரின் எண்ணைப் பாருங்கள். ஐ5-4590 என்றால் 4ஆம் தலைமுறை, ஐ5-7500 என்றால் 7ஆம் தலைமுறை. எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 என்பவை வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகள். இன்ரெலின் 4ஆம் தலைமுறைக்குள் இருக்கும் கிராபிக்ஸ் எச்.264 வீடியோவைத் தானே விரிக்கும். எச்இவிசி வந்தால் முழுப் பாரமும் புரொசசரின் தலையில் விழும். 6ஆம் தலைமுறை 8 பிட் எச்இவிசியைத் தாங்கும், நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட்டில் திணறும். 7ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசி, விபி9 இரண்டும் காட் இல்லாமலே ஓடும். 11ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1உம் ஓடும். இப்போது கைமாறும் 4கே படக் கோப்புகளில் பெரும்பாலானவை 10 பிட் எச்இவிசி. யூடியூப் 4கே வருவது விபி9 அல்லது ஏவி1இல் மட்டும்.

ஆகவே 7ஆம் தலைமுறைப் பெட்டி வைத்திருப்பவர், படம் மட்டும் பார்ப்பவர் என்றால் காட் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டியும், ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொரு குச்சியும் போடுங்கள். பெட்டியின் பின்புறம் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருந்தால் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் அக்டிவ் வகை மாற்றியை வாங்குங்கள். மலிவான பாசிவ் மாற்றி 4கேயை 30 ஹேர்ட்ஸில்தான் (செக்கனுக்கு 30 தடவை) கொடுக்கும். மவுசை அசைத்தாலே அந்த இழுபறி கண்ணில் படும்.

சோதிக்கும் முறை: உங்களிடம் இருக்கும் மிகக் கனமான படக் கோப்பை ஓட விடுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை (கிராபிக்ஸை) தெரியுங்கள். 'வீடியோ டிகோட்' என்ற வரைபடம் எழும்பி, சிபியு (புரொசசர்) 10, 15 வீதத்தில் நின்றால் எல்லாம் ஒழுங்கு. வீடியோ டிகோட் படுத்துக் கிடக்க, சிபியு 80, 90 வீதத்தில் ஏறி நின்றால் அந்தக் கோப்பை விரிக்க உங்கள் கிராபிக்ஸுக்குத் தெரியாது. (பிளேயரில் ஹார்ட்வெயார் டிகோடிங் நிறுத்தப்பட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) இன்னொன்று: வீட்டிலிருப்பது 32 அங்குல எச்டி ரிவி என்றால் அதன் திரையே 1366க்கு 768தான். அதற்கு 4கே கோப்பைத் தேடுவதே வீண். 1080 கோப்பை எந்தப் பழைய பெட்டியும் அனேகமாகச் சமாளிக்கும்.

பெட்டியை அளந்து எழுதுங்கள்

கடைக்குப் போக முன் மூடியைக் கழற்றி மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத் தகட்டுத் துவாரத்தின் உயரம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் என்றால் முழு உயரக் காட் போகும். 8 சென்ரிமீற்றர் என்றால் லோ புரொபைல் காட்தான். அடுத்தது தடிப்பு. ஒற்றை ஸ்லொட் காட் எங்கும் போகும். இரட்டை ஸ்லொட் காட்டுக்கு, காட்டைச் செருகும் நீண்ட ஸ்லொட்டின் பக்கத்தில் இன்னொரு ஸ்லொட் இடைவெளி வெறுமையாக இருக்கவேண்டும். சில சின்னப் பெட்டிகளில் அந்த இடத்தில் பவர் சப்ளையோ ஹார்ட் டிஸ்க் கூடோ வந்து முட்டும். கடைசியாக நீளம், முன்பக்கத் தகரம் வரைக்கும்.

பிறகு பவர் சப்ளையின் ஸ்ரிக்கர். மொத்த வாட்டை விட 12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர் என்பதே முக்கியம். 12 வோல்ட், 15 அம்பியர் என்றால் 180 வாட். புரொசசர் 65, மதர்போட், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 40, அதற்கு மேல் 75 வாட் காட் வைத்தால் கணக்கு 180இலேயே முட்டி நிற்கும். அப்படி முட்டினால் கேம் நடுவில் பெட்டி சட்டென அணைந்து திரும்ப எழும்பும். 180 வாட் சப்ளைக்கு 30 வாட் காட்டும், 240 வாட்டுக்கு மேல் என்றால் 75 வாட் வரையிலான காட்டும் பொருந்தும். காட்டைச் செருகும் பிசிஐ-இ ஸ்லொட் தர விதிப்படி தரக்கூடியது 75 வாட். ஆனால் சில கந்தோர்ப் பெட்டிகளில் உற்பத்தியாளரே அதைக் குறைத்து வைத்திருப்பதுண்டு. உங்கள் மொடலின் கையேட்டில் ஸ்லொட் பவர் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். 'பெரிய சப்ளை மாற்றினால் போச்சு' என்று நினைக்க வேண்டாம். டெல், எச்பி பெட்டிகள் பலவற்றில் மதர்போட்டுக்குப் போகும் பிளக்கே வேறு வடிவம், மாற்று வயர் தேவைப்படும். சின்னப் பெட்டிக்குள் வழமையான சப்ளை அடங்கவும் மாட்டாது.

எந்தக் காட், எதற்கு

ஜிடி 710, ஜிடி 730. கடைகளில் இன்னும் 'புதுசு' என்று தொங்குபவை. இரண்டுமே எச்இவிசியைத் தாமாக விரிக்காது, எச்டிஎம்ஐ 1.4தான், 4கே என்றால் 30 ஹேர்ட்ஸ். ஜிடி 730இன் 4 ஜிபி டிடிஆர்3 வகை ஆளை மயக்கும். அதன் நினைவகம் பல வகைகளில் செக்கனுக்கு 14.4 ஜிபி அளவில்தான் பாயும். இரணைமடுக் குளத்துக்கு அரை அங்குலக் குழாய் பூட்டியது போல. குளம் எவ்வளவு பெரிதென்றாலும் வயலுக்கு வருவது அந்தக் குழாயால் வருவதுதான். இவற்றில் பெரும்பாலானவை சேர்ந்த கெப்ளர் தலைமுறைக் காட்களுக்கான வழமையான டிரைவர் (காட்டை இயக்கும் மென்பொருள்) 2021உடன் நின்றும்விட்டது. பழுதான பழைய கிராபிக்ஸுக்குப் பதிலாகத் திரையில் ஏதாவது தெரிந்தால் போதும் என்பவருக்கு மட்டும் இவை சரி. மற்றவர்கள் எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

ஜிடி 1030. 2017இல் வந்தது, 30 வாட், லோ புரொபைல், விசிறியில்லாத வகையும் உண்டு. 10 பிட் எச்இவிசி, விபி9 இரண்டையும் சத்தமில்லாமல் விரிக்கும், எச்டிஎம்ஐ 2.0 உண்டு. 4ஆம் தலைமுறைப் பெட்டியை 4கே படம் காட்டும் பெட்டியாக்க இதுவே மிகச் சிக்கனமான வழி. ஆனால் இதே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. ஜிடிடிஆர்5 வகை செக்கனுக்கு 48 ஜிபி. 2018இல் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபி. படத்துக்கு இரண்டும் ஓடும். கேமுக்கு டிடிஆர்4 வகை பாதி வேகம்கூடத் தராத இடங்கள் உண்டு. பெட்டியில், மொடல் எண்ணில் 'டி4' என்று ஒளித்து எழுதியிருக்கும். கவனமாக வாசியுங்கள். ஏவி1 இதில் இல்லை. வீடியோ பதியும் என்கோடரும் இல்லை, ஆகவே கேமைப் பதிந்து யூடியூப்பில் போட நினைப்பவருக்கு இது ஆகாது.

ஆர்எக்ஸ் 550 பாவித்த விலையில் கிடைக்கும், 50 வாட். எச்இவிசி நன்று, விபி9ஐ முழுமையாகத் தானே விரிக்காது. கோப்பாகப் படம் பார்ப்பவருக்குச் சரி, யூடியூப் 4கே பார்ப்பவருக்குச் சரியில்லை.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் ஜிடிஎக்ஸ் 1650உம். இரண்டும் 4 ஜிபி, இரண்டும் 75 வாட். தனி பவர் வயர் இல்லாமல் ஸ்லொட்டிலிருந்தே இழுக்கும் வகைகள் உண்டு. 6 பின் வயர் கேட்கும் வகைகளும் உண்டு, பார்த்து எடுங்கள். 1050 டிஐக்கு இன்னும் ஆட்கள் நல்ல விலை சொல்கிறார்கள். எங்கள் தெரிவு 1650தான். ஓட்டத்தில் தெளிவாக ஒரு படி மேல் என்பது ஒன்று. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கான கேம் டிரைவரை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தி, 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்று அறிவித்தது இன்னொன்று. 1030உம் அதே தலைமுறைதான், ஆனால் படம் பார்க்கும் வேலைக்கு அது பெரிய குறையில்லை. 1650க்கும் ஏவி1 இல்லை.

ஆர்எக்ஸ் 6400. 2022இல் வந்தது, 53 வாட், ஒற்றை ஸ்லொட் லோ புரொபைலில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலம். வேறெந்தக் கேம் காட்டும் அடங்காத பெட்டிக்குள் இது அடங்கும். ஆனால் பிசிஐ-இயில் நான்கு பாதைதான் இதற்கு. பிசிஐ-இ 4.0 பதிப்பு உள்ள மதர்போட்டில் அது போதும். பழைய கந்தோர்ப் பெட்டிகள் 3.0, 2ஆம் தலைமுறைப் பெட்டிகள் 2.0. காட்டின் 4 ஜிபி நிரம்பி ராமிலிருந்து இழுக்கத் தொடங்கும் கேம்களில் அந்த ஒடுங்கிய பாதை அடைத்துக்கொண்டு படம் துள்ளும். டெக்ஸ்சரை 'மீடியம்' தாண்ட விடாமல் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். எச்இவிசி, விபி9 உண்டு. ஏவி1 இல்லை, என்கோடரும் இல்லை.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை. 2024இல் வந்தது, 70 வாட், தனிப் பவர் வயர் வேண்டாம், ஏவி1 விரிக்கும், எச்டிஎம்ஐ 2.1. லோ புரொபைல் வகையும் உண்டு, இரட்டைத் தடிப்பு. காசு இருந்து, இடமும் இருந்தால் புதிதாக வாங்க இதுவே. 8 ஜிபி 3050 வேறு சாமான்: 130 வாட், தனி வயர். "இரண்டும் ஒண்டுதான் தம்பி" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்ரெல் ஆர்க் ஏ380, ஏ310 இரண்டும் ஏவி1ஐ விரிக்கவும் பதியவும் தெரிந்தவை, வீடியோ வேலைக்கு அருமை. ஆனால் கேமுக்கு ரிசைசபிள் பார் என்ற வசதி மதர்போட்டில் இருந்தாக வேண்டும். இன்ரெல் 10ஆம் தலைமுறைக்கு முந்திய பெட்டிகளில் அது வழக்கமாக இல்லை, அது இல்லாவிட்டால் கேம் விழுந்து விழுந்து ஓடும். ஆர்எக்ஸ் 580ஐ மலிவு என்று எடுக்காதீர்கள்: 185 வாட், 8 பின் வயர், கந்தோர்ப் பெட்டிக்கு ஒவ்வாது. நிறையக் காட்கள் இரவு பகலாகக் கிரிப்டோ மைனிங்கில் கிடந்து வந்தவையும்கூட.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பாவித்த காட் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்றவற்றின் பயோஸை (காட்டுக்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றி '1050 டிஐ' என்று விற்கும் போலிகள் உலாவுகின்றன. அப்படியான காட்டைக் கண்டால் ஜிபியு-இசட் பெயருக்கு முன் 'ஃபேக்' (போலி) என்று காட்டும். கண்ணாலேயே பிடிக்க ஒரு வழியும் உண்டு. பாஸ்கல் தலைமுறைச் சிப்பில் விஜிஏ வெளியீடு இல்லை. 1050 டிஐ என்று சொல்லும் காட்டின் பின்னால் நீல விஜிஏ வாய் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு காட்டை முழுப் பாரத்தில் ஓட்டிச் சோதிக்கும் பர்மார்க் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெப்பம் 80 பாகை செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிப்பின் மேல் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது விசிறி சோர்ந்திருக்கும். திரையில் புள்ளி, கோடு, சதுரம் தெரிந்தால் நினைவகம் போகிறது என்று அர்த்தம், அதைத் திருத்துவது வீண் செலவு. ஒவ்வொரு வாயிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள்; எச்டிஎம்ஐ வாய் செத்த காட்கள் நிறைய. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலிருந்து கூரியரில் எடுப்பவர்கள் பெட்டியைத் திறப்பதையும் சீரியல் எண்ணையும் வீடியோ எடுத்து வையுங்கள், உத்தரவாதம் கேட்கும்போது கைகொடுக்கும்.

லோ புரொபைல் தகடு கூட வருகிறதா என்று கேட்க மறக்க வேண்டாம். அது இல்லாமல் வீட்டுக்கு வந்தவர் அந்தத் தகட்டுக்காகத் திரும்ப வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டும்.

பூட்டுதல்

கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஐந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய கரண்ட் இறங்கும். மூடியைத் திறந்து பெட்டியின் வெறுந் தகரத்தை ஒருமுறை தொடுங்கள். கிரவல் ரோட்டுத் தூசு உள்ளே படையாக இருக்கும். தூரிகையால் தட்டி, புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் சுழல விட்டால் பெயரிங் கெடும்.

தகடு மாற்றுவதென்றால்: டிவிஐ வாயின் இரு பக்கமும் இருக்கும் அறுகோணத் திருகாணிகளைச் சிறு குறடால் மெல்லப் பிடித்து இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். அவசரத்தில் குறடு சறுக்கினால் பக்கத்துச் சின்னக் கப்பாசிற்றரைக் கொத்திக்கொண்டு போகும், காட் அத்தோடு முடிந்தது. உயரத் தகட்டை எடுத்து, குட்டைத் தகட்டை வைத்து, அதே திருகாணிகளைத் திரும்பப் பூட்டுங்கள்.

பாவித்த காட்டின் பொன் நிற விளிம்பு மங்கியிருந்தால் வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். நீண்ட ஸ்லொட் இரண்டு இருந்தால் புரொசசருக்குக் கிட்ட உள்ளதுதான் பெரும்பாலும் முழுப் பதினாறு பாதை. மதர்போட்டில் பக்கத்தில் அச்சடித்திருப்பதை வாசித்து உறுதிசெய்யுங்கள். காட்டை நேராக வைத்து இரு முனையையும் ஒரே அளவில் அழுத்துங்கள். கொக்கி 'டக்' என்று விழவேண்டும்.

இதில்தான் கந்தோர்ப் பெட்டிகளின் வழமையான கோளாறு வருகிறது. பின்புறத் தகட்டை இறுக்கும் பிளாஸ்ரிக் கதவை மூடும்போது, தகடு சற்று வளைந்திருந்தால் காட்டின் மறுமுனை ஒரு மில்லிமீற்றர் மேலெழும்பும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திரை கறுப்பாக நிற்கும், பெட்டி பீப் அடிக்கும். கதவை மூடிய பிறகு காட்டைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: பொன் விளிம்பு ஒரு முனையில் மட்டும் தெரிந்தால் கழற்றி, தகட்டை நிமிர்த்தித் திரும்பப் பூட்டுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளைக் காட்டில் செருகுங்கள், மதர்போட்டில் அல்ல. 'காட் வேலை செய்யவில்லை' என்று திரும்பி வருபவற்றில் பல இந்த ஒரு கேபிளால்தான். அப்படியும் திரை வராவிட்டால் காட்டைக் கழற்றி, பழைய வெளியீட்டில் பயோஸுக்குள் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) போய், முதன்மைத் திரையை 'ஓட்டோ' அல்லது 'பிஇஜி' (செருகிய காட்) என்று மாற்றுங்கள். ஆர்எக்ஸ் 6400, ஆர்க் போன்றவை யுஇஎப்ஐ (புதிய வகைப் பயோஸ்) இல்லாத மிகப் பழைய பெட்டிகளில் திரையே காட்டா.

டிரைவர், பிறகு ரிவி

டிரைவர் கோப்பு பல நூறு எம்பி. டேட்டா இறுக்கமாக இருந்தால் பைபர் இருக்கும் வீட்டிலிருந்து பென் டிரைவில் எடுத்து வாருங்கள். முன்பு வேறு நிறுவனக் காட் இருந்திருந்தால் சேஃப் மோட்டில் டிடியு என்ற மென்பொருளை ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

4கே 60 ஹேர்ட்ஸ் வரவில்லையா? முதலில் ரிவியின் அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு 'யுஎச்டி கலர்' அல்லது 'என்ஹான்ஸ்ட்' என்ற தெரிவைத் திறந்துவிடுங்கள். பிறகு கேபிள்: 18 ஜிபிபிஎஸ் தாங்கும் வகை, மூன்று மீற்றருக்குள். சுவருக்குள் ஓட விட்ட 10 மீற்றர் மலிவு கேபிளில் திரை விட்டுவிட்டுக் கறுக்கும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் மறைந்தால், ரிவியில் 'ஜஸ்ட் ஸ்கான்' அல்லது 'ஸ்கிரீன் பிட்' என்று வையுங்கள். இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, முகம் இருளில் முழுக்கக் கரைந்தாலோ, காட் 'புல்' அனுப்ப ரிவி 'லிமிட்டட்' எதிர்பார்க்கிறது, அல்லது மறுவளம். காட்டின் கொன்ட்ரோல் பனலில் மாற்றி இரண்டையும் ஒன்றாக்குங்கள். சத்தம் வராவிட்டால் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ரிவியின் பெயரைத் தெரியுங்கள்.

படங்கள் செக்கனுக்கு 24 சட்டம் (பிரேம்), ரிவி 60. இந்தப் பொருத்தமின்மையால் கமரா மெதுவாக நகரும் காட்சிகளில் ஒரு நடுக்கம் தெரியும். கோடி (Kodi) என்ற பிளேயரில் 'அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிபிரெஷ் ரேட்' என்பதை இயக்கினால் ரிவி தானே 24க்கு மாறும். பார்த்தவர் திரும்பப் பழைய நிலைக்குப் போகமாட்டார்.

யூடியூப் இடறினால் வீடியோவின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தி 'ஸ்ராட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' பாருங்கள். 'ஏவி01' என்று காட்டி, உங்கள் காட்டுக்கு ஏவி1 தெரியாதென்றால் எச்264ஐஃபை என்ற நீட்சியை உலாவியில் சேருங்கள். அது 1080க்கு மேல் விடாது, ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கேமுக்கு இரண்டு சொல்: 60 சட்டத்துக்கு மேல் போகாமல் பூட்டி வையுங்கள், வெப்பமும் சத்தமும் குறையும். போன் கேம்களை எமுலேற்றரில் ஓட்டுபவர்கள் பயோஸில் வெர்ச்சுவலைசேஷனைத் திறந்து, ராமை 8 ஜிபியாவது ஆக்குங்கள். அங்கே முட்டுவது காட் அல்ல, அவை இரண்டும்தான். வலொரன்ட் கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் (மதர்போட்டின் பாதுகாப்பு வசதிகள்) கேட்கும், பழைய பெட்டியில் எந்தக் காட் போட்டாலும் அது மாறாது.

கரண்ட், எர்த், இடி

75 வாட் காட் முழுப் பாரத்தில் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் மாதம் 9 யூனிட். படம் பார்க்கும்போது அதில் சிறு பங்குதான் இழுக்கும். ஆனால் மாதம் 60 யூனிட்டுக்குக் கீழே பில்லைப் பிடித்து வைத்திருக்கும் வீடுகளில் அந்த 9 யூனிட் முக்கியம். 60ஐத் தாண்டினால் விலைக் கணக்கே வேறு.

எர்த் இல்லாத பிளக்கில் கணினியைப் போடாதீர்கள். பவர் சப்ளையின் வாசலில் கரண்டின் இரைச்சலை வடிக்கும் இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாதபோது பெட்டியின் தகரத்தில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும்; தொட்டால் சுள்ளென்று கடிப்பது அதுதான். அந்த நிலையில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்க எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் ஒரு சின்னப் பொறி தெறித்து, காட்டின் வாயோ ரிவியின் வாயோ செத்துவிடக்கூடும். எர்த் பின்னை வெட்டிய பிளக், இரண்டு பின் மாற்றி எல்லாம் இதற்கு ஆகாது. எர்த் கம்பி இறக்கிச் சரிபார்க்க மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை எச்டிஎம்ஐயைச் செருகும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கப் பிளக்கும் சுவரிலிருந்து வெளியே இருக்கட்டும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கிளம்பினால் கணினியின் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. டிஷ் அல்லது அன்ரனா கேபிள் வழியாக வரும் அடி ரிவிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐயால் காட்டுக்குள் ஏறும். அன்ரனா கேபிளையும் ரிவியிலிருந்து கழற்றி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஒரு முழ உயரத்தில் வையுங்கள். வெறுமையான ஸ்லொட் துவாரங்களைத் தகட்டால் மூடுங்கள், பல்லியும் எறும்பும் சூட்டுக்கு அங்கேதான் போய்ப் படுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காட்டின் விசிறியை ஊதித் துடைத்தால் தகரக் கூரை வீட்டிலும் அது நின்று பிடிக்கும். வெப்பம் முன்பு இருந்ததைவிட 10 பாகை ஏறியிருந்தால் ஹீட்சிங்கைக் கழற்றி, பழைய பேஸ்டைத் துடைத்து, ஓர் அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, நான்கு திருகாணிகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கினால் சிப்பின் மூலை உடையும்.